அதிரசத்துக்கு மாவு மிஞ்சணும்

அதிரசம் ஒருவழியாக வந்துவிட்டது. எண்ணெயில் போட்டதும் கரைந்து பிரியவில்லை, மறுநாள் பல்லை உடைக்கவுமில்லை. ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும், எங்கள் அப்பத்தா போட்டதற்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி ஒரு சம்படம் நிறைய இருக்கிறது. போன தீபாவளிக்கு ஆரம்பித்தது இந்தத் தீபாவளிக்குத்தான் கைகூடியது. மறப்பதற்குள் அளவுகளோடு எழுதி வைத்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதி வைக்காததால்தான் இத்தனை பாடும்.

சமையல் எனக்கு முப்பது தாண்டித்தான் வந்தது. சென்னையில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, அதனால் வாரத்தில் பாதி நாள் அடுப்பு என் பொறுப்பு. ரசம், புளிக்குழம்பு, கூட்டு எல்லாம் யாரையும் கேட்காமலே தட்டுத் தடுமாறிப் பிடிபட்டுவிட்டன. உப்பு குறைந்தால் போடலாம், கெட்டியானால் தண்ணீர் விடலாம், எப்படியும் இலையில் போட ஏதோ ஒன்று தேறும். அதிரசத்தில் அந்தச் சலுகை கிடையாது. பாகு வைக்கும்போது செய்த தப்பு இரண்டு நாள் கழித்து எண்ணெயில் போடும்போதுதான் தெரியும்.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மதுரையை அடுத்த திருமங்கலத்துப் பக்கம் ஊர். அவர் இருந்தவரை நான் அடுப்படிக்குப் போனதெல்லாம் எடுத்துத் தின்னத்தான். அதனால் மிச்சமிருந்த ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். பெரிய அத்தை கணீரென்று சொன்னார்: "நாலு ஆழாக்கு அரிசிக்கு மூணு ஆழாக்கு வெல்லம். பாகு பதமா இருக்கணும். அம்புட்டுத்தான்யா." சின்ன அத்தை அதெல்லாம் இல்லை, சரிக்குச் சரி என்றார். அம்மாவிடம் கேட்டால், "உங்க அப்பத்தா என்னைய பாகு பக்கம் விட்டதே இல்ல, நான் தட்டித்தான் குடுத்திருக்கேன்" என்று பழைய வழக்கு ஒன்றைத் திறந்தார். ஏலக்காய் கிடையாது, சுக்கும் எள்ளும்தான் என்பதில் மட்டும் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள்.

சரி, பெரிய அத்தை கணக்கையே எடுத்துக்கொள்வோம் என்று ஊரிலிருந்து அந்த ஆழாக்கையே கொண்டுவந்துவிட்டேன். பித்தளை, அடியில் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்து கடைகளெல்லாம் கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறிய பிறகும் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் இதுதான் கிடந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்குக்கு 168 மில்லி என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்களுடையதைத் தராசில் வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் 181 வந்தது. அரிசியைத் தலைதட்டி அளந்தால் 152 கிராம், குவித்து அளந்தால் 180. தட்டிய வெல்லத்தை உதிரியாகப் போட்டால் 115 கிராம், கட்டை விரலால் அமுக்கிப் போட்டால் 150. இப்போது அத்தை சொன்ன அந்த ஒரு வரியைக் கணக்குப் போட்டால், அரிசி எடையில் வெல்லம் 48 சதவீதமாகவும் இருக்கலாம், 74 சதவீதமாகவும் இருக்கலாம். அதாவது ஒன்றுமே தெரியவில்லை.

முதலில் செய்ததைச் சீக்கிரம் சொல்லிக் கடந்துவிடுகிறேன். கடையில் விற்கிற பாக்கெட் அரிசி மாவில் பாகை ஊற்றிக் கிளறினேன். காய்ந்த மாவு பாகைக் குடித்துவிட்டுக் கல்லாக உட்கார்ந்தது. தட்டும்போதே ஓரமெல்லாம் வெடித்தது. எண்ணெயில் வேகவைத்து எடுத்தால் பிஸ்கட்டுமில்லை, அதிரசமுமில்லை. காய்ந்த மாவில் இது வராது, ஈர மாவுதான் வேண்டும். சின்ன அத்தையிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் போன் ஸ்பீக்கர் அதிர்ந்தது.

அடுத்தது ஈர மாவு. கடையில் மாவுப் பச்சரிசி என்றே கேட்டால் கொடுக்கிறார்கள், கிலோ 60 ரூபாய். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, வேட்டியில் பரப்பி, மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன். மிக்ஸியில் ஒரே தடவையில் நிறையப் போட்டால் மாவு சூடாகி ஈரம் போகிறது, அதனால் 150 கிராமுக்கு மேல் போடவில்லை. சலித்ததில் நிற்கிற கப்பியைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் போனது. பாகைத்தான் பயந்து பயந்து சீக்கிரம் இறக்கிவிட்டேன். இரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றைத் தட்டி எண்ணெயில் விட்டால் ஓரத்திலிருந்து பொரிந்து, நுரைத்து, முழுக்கக் கலைந்து மண்ணாகப் படிந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. லிட்டர் 220 ரூபாய்க்கு வாங்கிய கடலை எண்ணெய் அரை லிட்டர் கறுத்துப் போனது. மிச்ச மாவில் இன்னும் கொஞ்சம் அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து பார்த்தேன், கலையவில்லை, ஆனால் அதிரசம் மாதிரியும் இல்லை. இந்தச் சரிக்கட்டல் அவசரத்துக்கு உதவும், விருந்தாளிக்கு வைக்க முடியாது.

இந்த இடத்தில்தான் கருவி வாங்கினேன். ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், 450 ரூபாய். பாகை உருட்டினால் மெத்தென்ற உருண்டையாக வருகிற நிலைக்கு மிட்டாய் செய்கிறவர்கள் 112 முதல் 116 டிகிரி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டேன். வாங்கியதும் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சென்னை கடல் மட்டம், 100 காட்ட வேண்டும். என்னுடையது 98 காட்டியது. அப்போதிலிருந்து எது காட்டினாலும் இரண்டைக் கூட்டிக்கொள்கிறேன், இங்கே எழுதுவதெல்லாம் கூட்டிய கணக்கு. இன்னொன்று, 100 கிராம் வெல்லத்தில் சோதனை செய்து காசை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தால், பாகு சட்டியின் அடியில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும், ஊசி முனை முழுகாது, சட்டியின் சூட்டைத்தான் காட்டும். குறைந்தது 250 கிராம், அதுவும் சின்னச் சட்டியில், ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அப்படி வைத்துப் பார்த்ததில், 109-ல் இறக்கியது எண்ணெயில் கரைந்தது. 113-ல் இறக்கியது நன்றாக வந்தது. 118 வரை விட்டது போட்ட அன்றைக்குச் சாப்பிட நன்றாகத்தான் இருந்தது, மறுநாள் சுத்தியல் கேட்டது. இதற்கிடையில் பெரிய அத்தையின் கைப்பக்குவத்தையும் கூடவே செய்து பார்த்துக்கொண்டேன்: தட்டில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டுப் பாகு விட்டால் கரையாமல் நிற்கணும், விரலால் கூட்டினால் உருளணும், எடுத்துத் தட்டில் போட்டால் "டக்குன்னு சத்தம் கேக்கப்படாது". 113-ல் அது அப்படியே பொருந்துகிறது. சத்தம் கேட்க ஆரம்பிப்பது 120-க்கு மேலே. அத்தைக்கு இதைச் சொன்னேன், "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

விஷயம் முடிந்தது என்று நினைத்துத்தான் ஐப்பசியில் பெரிய அளவாகப் போட்டேன். வெளியே மூன்று நாளாக மழை. அதே அரிசி, அதே வெல்லம், அதே 113. எண்ணெயில் விட்டதும் ஓரம் பிய்ந்து போகிறது! தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டு மறுபடி வெந்நீரில் விட்டேன், அது ஒழுங்காகத்தான் இருந்தது. குற்றவாளி அரிசி. வெயில் காலத்தில் மின்விசிறிக்கு அடியில் இருபது நிமிடத்தில் கைக்கு ஈரம் ஒட்டாமல் வந்த அரிசி, மழைக் காற்றில் ஒரு மணி நேரமானாலும் அப்படியே கிடக்கிறது. நான் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடத்தில் எடுத்து அரைத்திருந்தேன். பாகில் இருந்து நெருப்பு வைத்து விரட்டிய தண்ணீரை மாவு வழியாகத் திரும்ப உள்ளே விட்டிருக்கிறேன். பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும் என்பார்கள், அந்தச் சோதனையையும் செய்தேன்தான். ஆனால் ரொம்ப ஈரமான மாவும் பிடிபடத்தான் செய்கிறது, எனக்கு அந்த வித்தியாசம் இன்னும் கையில் வரவில்லை.

அதனால் கையை விட்டுவிட்டுத் தராசுக்குப் போனேன். ஊறப்போடும் முன் அரிசியை எடை போடுவது. வடித்துப் பரப்பிய பிறகு, துணியோடு தூக்கித் தூக்கி எடை பார்ப்பது. 500 கிராம் அரிசி வடித்ததும் 655 இருந்தது. 620-க்கு இறங்கியதும் அரைத்தால் மாவு சரியாக இருக்கிறது. காய்ந்த எடைக்கு 1.24 மடங்கு. இருபது நிமிடமோ ஒன்றரை மணி நேரமோ, இந்த எண் வரும்வரை அரைப்பதில்லை. வெயிலில் போடக் கூடாது, மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்.

இதற்கப்புறமும் ஒரு சிக்கல் நின்றது. எல்லாமே சரியாக இருந்தும் ஒரு தடவை இளகியும் ஒரு தடவை இறுகியும் வந்தது, ஏனென்றால் நான் அளந்த மாவு முழுவதையும் அளந்த வெல்லத்தில் கொட்டிக்கொண்டிருந்தேன். வெல்லம் கட்டிக்குக் கட்டி மாறுகிறது. அதன் அழுக்கும் மண்ணும் வடிகட்டும்போது போகிற எடையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இதற்கு விடை சொன்னது அடுப்பைப் பற்ற வைக்கவே தெரியாத சித்தப்பா. வேறு ஏதோ பேசப் போன் போட்டவரிடம் இந்தப் புலம்பலையும் சொன்னேன். "அந்தப் பாகு கீகெல்லாம் எனக்குத் தெரியாதுடா. ஆனா அதிரசத்துக்கு மாவு இடிச்சாங்கன்னா அன்னைக்குச் சாயங்காலம் எங்களுக்குப் புட்டு உண்டு. அதுக்காகவே காத்துக் கிடப்போம்" என்றார்.

புட்டு! பச்சரிசி ஈர மாவில், தேங்காயும் சர்க்கரையும் போட்டு. அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் மாவு மிஞ்சியிருக்கிறது. அப்பத்தா நாலு ஆழாக்கு அரிசி ஊறப்போட்டது உண்மைதான், அவ்வளவும் பாகுக்குள் போகவில்லை. பாகு வேண்டிய அளவு மாவை வாங்கிக்கொண்டது, மிச்சம் பிள்ளைகளுக்குப் புட்டானது. சமைத்த ஆட்களிடம் கேட்டபோதெல்லாம் எத்தனை ஆழாக்கு என்று சொன்னார்கள். மிச்சத்தைத் தின்னவர் மட்டும்தான் மிச்சத்தை ஞாபகம் வைத்திருக்கிறார்.

உடனே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அரிசியைக் குவித்து அளந்தார், வெல்லத்தை அமுக்கி அளந்தார் என்று வையுங்கள். 720 கிராம் அரிசி, ஊறிக் காய்ந்து இடித்துச் சலித்த பிறகு 870 கிராம் மாவு. வெல்லம் 450 கிராம். அதுவரை நன்றாக வந்த என் ஈடுகளில் வெல்லத்தைப் போல ஒன்றரை மடங்கு ஈர மாவு உள்ளே போயிருந்தது, அந்தக் கணக்கில் 675 கிராம். மிஞ்சுவது 195 கிராம். மூன்று நாலு பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக் கொடுக்கக் காணும். அரிசியைத் தலைதட்டி அளந்திருந்தால் மிஞ்சுவது ஒரு பிடிதான். ஆக அப்பத்தா குவித்துத்தான் அளந்திருக்க வேண்டும். பெரிய அத்தையிடம் கேட்டேன், "பின்ன, தலதட்டி அளக்க அது என்ன விக்கவா போகுது" என்றார். இதை முதல் போனிலேயே சொல்லியிருந்தால் அரை லிட்டர் எண்ணெய் மிச்சம்.

இப்போது செய்கிற விதம் இதுதான். 600 கிராம் பச்சரிசி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, 745 கிராமுக்கு இறங்கும்வரை நிழலில் காயவைத்து, அரைத்துச் சலித்தால் 720 கிராம் வரை மாவு கிடைக்கும். உடனே ஈரத்துணி போட்டு மூடிவிட வேண்டும், திறந்து வைத்தால் மேல் மாவு காய்ந்துவிடும். வெல்லம் 400 கிராம், தட்டி, 100 மில்லி தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, சட்டியைக் கழுவித் திரும்ப ஊற்றிக் கொதிக்க விடுவது. தண்ணீர் கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது, பாகு வர நேரம்தான் கூடும். நுரை பெரிசு பெரிசாக வந்து, அப்புறம் சின்னச் சின்னதாக அடங்க ஆரம்பிக்கும். அங்கிருந்து தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், கடைசி நாலு டிகிரி கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். 113-ல் அடுப்பை அணைத்து இறக்கி, சுக்குத் தூள் ஒரு தேக்கரண்டி, வறுத்த எள் ஒரு மேசைக்கரண்டி, அப்புறம் மாவைப் பிடிபிடியாகப் போட்டு மரக்கரண்டியால் கிளறுவது. 550 கிராம் போன பிறகு மெதுவாக. கரண்டியைத் தூக்கினால் பட்டையாக இறங்கி, விழுந்த இடத்தில் மெல்லப் பரவ வேண்டும். சூட்டில் இது ரொம்ப இளக்கமாகத் தெரியும், கை இன்னும் இரண்டு பிடி போடச் சொல்லும். போடாதீர்கள், ஆறினால் இறுகும். எனக்கு 590-க்கும் 620-க்கும் நடுவில் நின்றுவிடுகிறது. மிச்சம் நூற்றுச் சொச்சம் கிராம், இரண்டு பேருக்குப் புட்டு.

மாவை மண் சட்டியில் எடுத்து, மேலே ஒரு கரண்டி நெய் தடவி, துணி கட்டி இரண்டு இரவு. அன்றைக்கே தட்டிப் போட்டதும் உண்டு, வெந்தது, ஆனால் உதிர்ந்தது. ஒரு இரவுக்குப் பிறகு பரவாயில்லை. இரண்டு இரவு வைத்ததில்தான் தட்டும்போது ஓரம் வெடிக்கவில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் கல்லாகிறது, வெளியே எடுத்து ரொம்ப நேரம் பிசைய வேண்டியிருக்கிறது. வெளியில் வைப்பதே நல்லது.

சுடுவதில் பெரிய மர்மம் இல்லை. 40 கிராம் உருண்டை, எண்ணெய் தொட்ட வாழை இலையில் அரை விரல் கனத்துக்குத் தட்டி, இருப்புச்சட்டியில் ஒவ்வொன்றாக. எண்ணெய் 160 டிகிரி. 180-க்குப் போனால் வெளியே கறுத்து உள்ளே மாவாக இருக்கிறது, 140-க்குக் கீழே எண்ணெயைக் குடித்துவிட்டுக் கனக்கிறது. மேலே எழும்பியதும் ஒரு தடவை திருப்பினால் போதும், கரண்டியால் குத்தக் கூடாது. எடுத்ததும் சூட்டோடு இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அமுக்கி எண்ணெயைப் பிழிய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் என்ன என்று ஒரு அதிரசத்தைப் பிழிவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டேன்: 46 கிராம், 41 கிராம். இருபத்தாறு அதிரசத்துக்கு 130 கிராம் எண்ணெய், சட்டிக்கே திரும்பி வருகிறது. சுட்ட உடனே சாப்பிடாதீர்கள், மறுநாள்தான் ருசி கூடுகிறது.

செலவு: அரிசி 36 ரூபாய், வெல்லம் 32, எண்ணெய் குடித்ததும் சிந்தியதும் சேர்த்து 55, நெய், எள், சுக்கு ஒரு 20. எரிவாயு நீங்கலாக 143 ரூபாய்க்கு இருபத்தாறு. ஒன்று அஞ்சரை ரூபாய் விழுகிறது. நடுவில் கெட்டுப்போன எண்ணெயையும் தெர்மாமீட்டரையும் இதில் ஏற்றினால் தங்கத்தில் செய்து சாப்பிட்டிருக்கலாம்.

அடுத்த தடவை மாற்றப்போவது இரண்டு. மிக்ஸியில் கப்பியோடு மல்லுக்கட்ட முடியவில்லை, தீபாவளி நேரத்தில் மாவு மில்லில் ஈர அரிசி தனியாக அரைக்கிறார்கள், அங்கே கொடுக்கப்போகிறேன். முதல் ஆளாகப் போகக் கூடாது, நமக்கு முன்னால் யாராவது பச்சரிசிதான் அரைத்தார்களா என்று பார்த்துக் கொடுக்கணும், இல்லையென்றால் கோதுமையும் கம்பும் நம் மாவில் சேரும். இன்னொன்று வெல்லம். ஒரு டப்பா மதுரைக்கு அனுப்பியதற்குப் பெரிய அத்தை சொன்ன தீர்ப்பு: "பதம் சரியா இருக்குய்யா. நெறந்தான் அது இல்ல. அப்பத்தா போட்டது கறுப்பா இருக்கும்." நான் வாங்குவது சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற மஞ்சள் வெல்லம். அந்தப் பளிச்சென்ற நிறத்துக்காக வெல்லம் காய்ச்சும்போது ஹைட்ராஸ் என்கிற வெளுக்க வைக்கும் ரசாயனத்தைச் சேர்ப்பது பரவலாக நடக்கிறது, சேர்க்காத வெல்லம் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும். மதுரைக்குப் போகும்போது கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் கேட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அலங்காநல்லூர்ப் பக்கம் காய்ச்சுகிற இடத்துக்கே போய் வாங்கிவிடலாம். அந்த வெல்லத்தில் மண்ணும் கசடும் கூடுதலாக இருக்கும், வடிகட்டியபின் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு கால் கிலோவில் பார்த்துக்கொண்டு அப்புறம் அரிசியை ஊறப்போடுவேன்.